எலும்பு தெரியும் காலுக்குப் பக்கத்துத் தசையா, தூரத்துத் தசையா?

விபத்தில் முழங்காலுக்குக் கீழே சதை பிய்ந்து எலும்பு தெரிந்தால், வீட்டார் முதலில் கேட்பது "தொடைத் தோலை எடுத்து ஒட்டிவிடக் கூடாதா?" என்றுதான். எலும்பைப் போர்த்திய சவ்வு மிஞ்சியிருந்தால் ஒட்டலாம். அது போயிருந்தால் ஒட்டிய தோலுக்கு ரத்தம் வர வழியில்லை, கருகி உதிரும். ரத்தக்குழாயோடு தசையையோ, கொழுப்போடு தோலையோ கொண்டுவந்து மூட வேண்டும். இதைத்தான் ஃபிளாப் என்கிறார்கள்.

முழங்காலை ஒட்டிய காயத்துக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. கெண்டைக்காலின் உட்புறத் தசை போதும். அதன் முக்கிய ரத்தக்குழாய் மேலிருந்தே நுழைவதால் கீழ்முனையை அறுத்து முன்பக்கம் திருப்பிவிடலாம். நடையும் பெரிதாகக் கெடாது. வெளிப்புறத் தசை குட்டை; பாதத்தைத் தூக்கும் நரம்பு வேறு அருகிலேயே ஓடுகிறது.

நடுக்கால் காயத்துக்கு, கெண்டைக்கால் தசைக்கு அடியிலுள்ள சோலியஸ் தசை. எலும்பை ஒட்டியே இருப்பதால் எலும்பு நொறுங்கும்போது இதுவும் நசுங்கியிருக்கலாம். திறந்து பார்த்த பிறகு திட்டத்தை மாற்ற வேண்டி வருவதும் உண்டு.

உண்மையான போட்டி கணுக்கால் பக்கம்தான். அங்கே தசைநாண்களே அதிகம், திருப்பிப் போடத் தசை கிடைக்காது. ஒரு வழி, கெண்டைக்காலின் பின்புறத் தோலையும் அடிக்கொழுப்பையும் தலைகீழாகத் திருப்பும் சூரல் ஃபிளாப். மைக்ராஸ்கோப் வேண்டாம், நேரமும் குறைவு. ஆனால் ரத்தம் திரும்பிப்போகத் திணறும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நுனி கருக்கும் ஆபத்து கூடுதல்.

மற்றது ஃப்ரீ ஃபிளாப். முதுகிலிருந்தோ உள்தொடையிலிருந்தோ தசையை முழுதாக வெட்டியெடுத்து, காலின் ரத்தக்குழாயோடு முடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள். பல மணி நேர வேலை. முதல் 2 நாள் இரவிலும் அடிக்கடி வந்து பார்ப்பார்கள்: நிறம், சூடு, ஊசியால் குத்தினால் வரும் ரத்தம். பளிச்சென்ற சிவப்பு நல்லது. கருஞ்சிவப்பு என்றால் சிரை அடைத்திருக்கலாம், உடனே மறுபடி தியேட்டர். தோற்றால் பெரும்பாலும் மொத்தமாகவே தோற்கும். இருந்தும், பெரிய காயம், தேர்ந்த குழு என்றால் என் ஓட்டு இதற்கே. சுற்றியுள்ள நசுங்கிய சதையை நம்பியிருக்க வேண்டாம் பாருங்கள்.

பின்னால் எலும்பு ஒட்டு வைக்கும் திட்டமிருந்தால் தசைக்குப் பதில், ரத்தக்குழாயோடு எடுக்கும் தொடைத் தோல் ஃபிளாப்பைக் கேட்டுப் பாருங்கள். மறுபடி தூக்கித் திறப்பது எளிது.

எதைத் தேர்ந்தாலும் இழுத்தடிக்கக் கூடாது. 1986-இல் வெளியான, அறுவை மருத்துவர் மார்கோ கோடினாவின் 532 நோயாளிகள் ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் மூடியவர்களில் ஃபிளாப் தோற்றது 0.75 சதவீதம், அதற்குப்பின் 3 மாதம் வரை தள்ளிப்போனவர்களில் 12 சதவீதம். நடுவில் காயத்தின் மேல் வைத்துக் கசிவை உறிஞ்சும் வேக்யூம் பஞ்சு, நாள் கடத்தத்தான் உதவும்; ஃபிளாப்புக்கு மாற்றாகாது.