கோல்ஃப் டிரைவரின் தண்டை வெட்டுவதா, இறக்கிப் பிடிப்பதா?

பொரளை ரோயல் கொழும்பு கோல்ஃப் மைதானத்தில் ஆடும் இரண்டு நண்பர்கள் இதையே கேட்டார்கள்: டிரைவர், அதாவது பந்தை மிகத் தூரம் அடிக்கும் நீளமான மட்டை, அதன் தண்டை வெட்டிக் குட்டையாக்குவதா, வெட்டாமல் கையைக் கீழே இறக்கிப் பிடிப்பதா? நடுவில் களனிவெளி ரயில் பாதை ஓடும் இடம், அங்கே தூரத்தைவிட பந்து நேராகப் போவதுதான் முக்கியம். இன்றைய டிரைவர்கள் பெரும்பாலும் 45.5 அங்குலத்தை ஒட்டியவை; நீளம் குறைந்தால் பந்து மட்டை முகத்தின் நடுவில் படுவது எளிதாகும்.

செலவு: இறக்கிப் பிடிக்க ஒரு சதமும் வேண்டாம். வெட்டினால் புது கிரிப் (கைப்பிடி உறை), கூலி.

மனம் மாறினால்: பிடியை அடுத்த அடியிலேயே மேலே ஏற்றலாம். வெட்டியது வெட்டியதுதான்.

கையில் உணர்வு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு அங்குலம் வெட்டினால் சுவிங்வெயிட் (வீசும்போது மட்டையின் தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) ஏறக்குறைய 6 புள்ளி இறங்கி, தலை காற்றாடி மாதிரி லேசாகிவிடும், அதைச் சரிக்கட்ட ஒரு புள்ளிக்குச் சுமார் 2 கிராம் வீதம் தலையில் ஈயப் பட்டி ஒட்ட வேண்டும். இறக்கிப் பிடித்தாலும் தலை லேசாகத்தான் தெரியும், அதோடு கிரிப்பின் மெல்லிய பகுதி கைக்குள் வரும்.

புதிதாக ஆடுகிறவருக்கு இறக்கிப் பிடிப்பதே போதும். ஒரு மாதம் அப்படி ஆடியும் பந்து நேராகவே போகிறது என்றால் வெட்டுங்கள், ஆனால் முதலில் அரை அங்குலம் மட்டும், அதுவும் கிரிப் பக்கத்தில். தலைப்பக்கம் வெட்டினால் தண்டு விறைத்துப்போகும்.