மழை பெய்தும் சரியாத மலை: எட்டு வருட மைன்கிராஃப்ட் அனுபவம்

போன வாரம் லேப்டாப்பை ரிப்பேர் பார்த்து வாங்கி வரும் வழியிலேயே அக்கா மகன் போன் பண்ணினான். "மாமா, நீங்க எட்டு வருஷமா மைன்கிராஃப்ட் விளையாடுறீங்களே, வாங்கலாமா?" பிளாக் எனும் சதுரக் கட்டைகளால் ஆன உலகத்தில் விளையாடுகிற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. பிளாக் வெட்டுவது, அடுக்குவது, இரவில் பூதம் வருவது எல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

எங்கள் வீடு ஏற்காடு அடிவாரத்தில். அப்பா மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். 2021 கடைசியில் 1.18 பதிப்பு வந்து மலைகள் உயர்ந்ததும், புது உலகம் திறந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலைப்பாதை போட்டேன். மூன்று மாத வேலை. உச்சியில் ஏறி நின்றால் மேகம் காலுக்குக் கீழே போகும். சேர்வராயன் கோயில் மேட்டில் நிற்கிற மாதிரியே இருக்கும். வேறு எந்த விளையாட்டும் எனக்கு இதைத் தந்ததில்லை.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டியது. நிஜ மலைப்பாதையில் மண் சரிந்து, மரமும் பாறையும் விழுந்து, வண்டிகள் நின்றுபோயின. கரண்ட் வந்ததும் விளையாட்டைத் திறந்தேன். அங்கேயும் மழை. மூன்றாவது வளைவில் மலையைச் செங்குத்தாக வெட்டி வைத்திருந்தேன். மேலே பதினைந்து பிளாக் உயரத்துக்கு வெறும் மண், ஒரு மரம்கூட இல்லை. அந்த மண் துளிகூட அசையவில்லை. அன்றைக்கு வந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

மணலும் சரளையும் அடியில் பிடிமானம் போனால் விழுகின்றன. மண்ணோ அந்தரத்தில் நிற்கிறது. 2022இல் சேறு வந்தது; ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினால் மண் சேறாகிவிடும், ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் ஆகாது! 2021இல் பொடிப்பனி வந்தது. அதில் கால் வைத்தால் புதைந்து விறைத்துப்போவோம், தோல் பூட்ஸ் போட்டால் புதைய மாட்டோம். விளையாட்டு பிறந்தது ஸ்வீடனில். பனி நாட்டின் ஆபத்து உள்ளே வந்துவிட்டது, மழை நாட்டின் ஆபத்து வரவில்லை.

விளையாட்டை உருவாக்குகிறவர்களிடம் மண்சரிவு வேண்டும் என்று கேட்கிறேன். அதற்கான சாமான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உழுத நிலத்துக்கு 0 முதல் 7 வரை ஈர அளவு உண்டு. மழை பெய்தால் அது நிரம்பும். அதே அளவைச் சரிவில் இருக்கிற மண்ணுக்கும் கொடுங்கள். ஈரம் 7, அடிவாரம் வெட்டப்பட்டிருக்கிறது, பக்கத்தில் மரம் இல்லை: மூன்றும் சேர்ந்தால்தான் சரிய வேண்டும். அதற்கு முன்னால் அறிகுறி காட்ட வேண்டும். தெளிவாகச் சொட்டிய தண்ணீர் கலங்கலாக வரட்டும், இரண்டு கூழாங்கல் உருளட்டும். எல்லா மண்ணையும் ஒவ்வொரு நொடியும் சோதித்தால் கம்ப்யூட்டர் திணறும், நியாயம்தான். பயிர் வளர்வதற்கு அங்கங்கே சில பிளாக்கை மட்டும் குலுக்கல் முறையில் தொடுகிறார்களே, அதே வழி இதற்கும் போதும்.

தடுப்புச் சுவர்தான் எனக்கு முக்கியம். மழைக்கு முன்னால் அப்பா தோட்டத்துச் சுவர் ஓரமாகவே நடந்து போவார். கல் இடுக்கில் விட்டிருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் கம்பியை விட்டுக் குத்துவார். அழுகிய இலை வரும், பின்னாலேயே கறுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். "பின்னால தண்ணி நின்னா கல்லையே தள்ளிடும்டா" என்பார். விளையாட்டிலும் ஓட்டை இல்லாத சுவர் உடைய வேண்டும், ஓட்டை விட்ட சுவர் நிற்க வேண்டும். மரம் நட்டவன் பிழைக்க வேண்டும்.

வருடக்கணக்காகக் கட்டிய வீடு ஒரே மழையில் போனால் அழுவார்கள் என்பதும் புரிகிறது. கேம் ரூல், அதாவது உலகத்துக்கு உலகம் மாற்றிக்கொள்ளும் அமைப்பு, ஒன்று வைத்து, வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ளட்டும்.

அக்கா மகனிடம் "இப்போதைக்கு வேண்டாம்டா" என்று சொல்லிவிட்டேன். எட்டு வருடம் விளையாடியவன் சொல்கிற பதில் இல்லைதான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, வாயில் அதுதான் வந்தது. போனை வைத்துவிட்டு மூன்றாவது வளைவுக்குப் போய்க் கல் சுவர் கட்டினேன், நான்கு பிளாக்குக்கு ஓர் ஓட்டை விட்டு. அதன் வழியாக ஒரு சொட்டும் வரப்போவதில்லை.