லிஃப்ட் வசதியுள்ள மலைச் சைக்கிள் பூங்காவுக்குச் சொந்த வண்டியா, வாடகை வண்டியா?

நம்மையும் சைக்கிளையும் கம்பிவட லிஃப்ட் மேலே ஏற்றிவிட, நாள் முழுவதும் இறக்கத்தில் மட்டுமே ஓட்டும் பூங்காவில், எந்தச் சைக்கிளுடன் போகிறோம் என்பது நம் பயணத்தையே தீர்மானிக்கிறது.

முன்னும் பின்னும் 130 முதல் 150 மி.மீ. வரை சஸ்பென்ஷன் அசைவுள்ள (அதாவது, அதிர்வைத் தாங்க அது அமுங்கும் தூரம்) சொந்த டிரெயில் சைக்கிள், அதாவது ஏற்றம் இறக்கம் இரண்டுக்குமான மலைச் சைக்கிள், எளிய தடங்களுக்கும் நடுத்தரத் தடங்களுக்கும் தாராளமாகப் போதும். அதன் எடையும் வளைவில் அது திரும்பும் விதமும் ஏற்கெனவே கைக்குப் பழகியிருப்பதால், புதியவர்கள் பதற்றமின்றித் தடத்தில் கவனம் வைக்கலாம். குறை பிரேக்கில்தான் தெரியும். அடுத்தடுத்து நீண்ட இறக்கங்களில் பிடித்துக்கொண்டே வந்தால் பிரேக் டிஸ்க் சூடேறி, பிரேக்கின் பிடிமானம் தளரும்.

வாடகைக்குக் கிடைக்கும், இறக்கத்துக்கென்றே செய்யப்பட்ட டவுன்ஹில் சைக்கிளில் அசைவு ஏறத்தாழ 200 மி.மீ.; டிஸ்க்குகளும் பெரியவை. பலரும் பிரேக் பிடித்துப் பிடித்து, வளைவுக்கு முன்னால் மண் அலை அலையாக மேடு தட்டியிருக்கும் அல்லவா, அந்த இடத்தில்தான் வித்தியாசம் புரியும்: டிரெயில் சைக்கிளில் மணிக்கட்டு வரை அதிரும், இதிலோ சக்கரம் தரையை விட்டு விலகாமல் உருண்டு போகும். மறுபக்கம், மென்சரிவான தடத்தில் இது கனமாக, மந்தமாகத் தோன்றும், வாடகையும் குறைவல்ல.

பின்பக்க சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள் மட்டுமே வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாடகைக்கு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நல்ல டிரெயில் சைக்கிள் உள்ளவர்கள், பிரேக் பேடுகளைப் புதிதாக மாற்றிக்கொண்டு, முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட்டையும் முழங்கால் காப்பையும் மட்டும் அங்கே வாடகைக்கு வாங்கிக்கொள்ளலாம்.