கணையப் புற்றுநோய்க்கு எந்த எலி: தோலடிக் கட்டியா, கேபிசியா, கணையத்திலேயே ஊசியா?

கணையப் புற்றுநோய் ஆய்வுக்கு உள்ள எலி மாதிரிகளில் இருப்பதிலேயே சுலபமானது தோலடிக் கட்டி. பேங்க்-1, மியா பாக்கா-2 போன்ற மனிதப் புற்றுச் செல்களை, நோய் எதிர்ப்புத் திறன் இல்லாத எலியின் விலாப்புறம் தோலுக்கடியில் செலுத்தினால் சில வாரங்களில் கட்டி வந்துவிடும். காலிப்பரை வைத்து அளந்துகொண்டே போகலாம். மருந்து செல்லைக் கொல்கிறதா என்று பார்க்க இது போதும். அதற்கு மேல் இதை நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

காரணம், மனிதரில் வரும் கணையக் கட்டியில் பெரும்பகுதி நார்த்திசு. ரத்தக் குழாய்கள் குறைவு, மருந்து உள்ளே போவதே பெரும்பாடு. தோலடிக் கட்டியில் அந்தத் தடை அவ்வளவாக இல்லை. 2009இல் வந்த ஓர் ஆய்வில், செல்களை ஏற்றி வளர்த்த கட்டிகள், கணையப் புற்றுக்குத் தரும் ஜெம்சிடபின் மருந்துக்கு அடங்கின. மரபணு மாற்றத்தால் கணையத்தில் தானாகவே கட்டி வளரும் கேபிசி எலியின் கட்டிகளோ பெரும்பாலும் அசையவில்லை. மருத்துவமனையில் பார்ப்பதும் ஏறக்குறைய இதுதான்.

அந்த கேபிசி எலி 2005இல் உருவானது. கேராஸ், பி53 என்ற இரண்டு மரபணுக்களின் பிறழ்வுகளும் கணையத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும்படி, க்ரி என்ற மூன்றாவது மரபணுவை ஸ்விட்ச் போலச் சேர்த்திருக்கிறார்கள். புற்றுக்கு முந்தைய மாற்றங்களில் தொடங்கி, கல்லீரல், நுரையீரல் வரை தானாகவே பரவும். பாதி எலிகள் சுமார் 5 மாதத்தில் இறந்துவிடும். எதிர்ப்புத் திறனும் முழுமையாக இருக்கும். ஆனால் வளர்ப்பவருக்குப் பொறுமை வேண்டும். மூன்று மாற்றங்களும் பெற்றோரிடம் ஒற்றைப் பிரதியாக இருந்தால், எட்டில் ஒரு குட்டிதான் தேறும். கட்டி எப்போது வரும் என்பதும் எலிக்கு எலி மாறும், அல்ட்ராசவுண்ட் இல்லாமல் முடியாது.

சரி, கேபிசியில் பலித்தால் மனிதரிலும் பலிக்குமா? அதே 2009 ஆய்வில் நார்த்திசுவைக் குறைக்கும் ஐபிஐ-926 மருந்தை ஜெம்சிடபினுடன் கொடுத்தபோது எலிகளின் ஆயுள் நீண்டது. மனிதரில் சோதித்தபோது நிலைமை மோசமாகி, 2012இல் சோதனையை நிறுத்தினார்கள். நார்த்திசு கட்டியை ஓரளவு அடக்கியும் வைக்கிறது என்று 2014இல் வந்த எலி ஆய்வுகள் காட்டின.

நோயாளியின் திசுவையே எலியில் வளர்க்கும் முறையும் உண்டு. மரபணு வேற்றுமை பெரும்பாலும் கிடைக்கும்; ஆனால் நார்த்திசு நாளடைவில் எலியுடையதாகிவிடும், எதிர்ப்பு வேலையைச் செய்யும் டி செல்கள் அந்த எலியில் இல்லாததால் நோய் எதிர்ப்புத் திறனைத் தூண்டும் மருந்துகளைச் சோதிப்பது கடினம்.

அன்றாட வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது, கேபிசி கட்டியிலிருந்து எடுத்த செல்களை அதே மரபுவழி எலியின் கணையத்திலேயே செலுத்தும் முறை. எதிர்ப்புத் திறன் அப்படியே இருக்கும், கட்டிகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வளரும். நார்த்திசு மட்டும் கேபிசி அளவுக்கு அடர்த்தியாக வராது. ஊசி போடும்போது செல்கள் வயிற்றுக்குள் கசிந்தால் அது நோய்ப்பரவல் போலவே தெரியும். அதனால் செல்களைப் பிடித்துவைக்கும் மேட்ரிஜெல் என்ற ஜெல்லில் கலந்து மெதுவாகச் செலுத்த வேண்டும். அப்புறம், பழக்கத்தால் பேங்க்02 என்ற எலிப் புற்றுச் செல்களை எடுத்துவிடாதீர்கள். அவை ரசாயனத்தால் உருவான கட்டியிலிருந்து வந்தவை. மனிதக் கணையப் புற்றில் 90 சதவீதத்துக்கும் மேல் காணப்படும் கேராஸ் பிறழ்வு அவற்றில் கிடையாது.