திருவிழா மேடையா, இசைப்பள்ளியா?

நாதஸ்வரமும் தவிலும் நம்ம ஊரில் நிலைக்க அரசு எதில் கூடுதலாகச் செலவு செய்யணும்? 2007-ல் தொடங்கி, இடையில் நின்றுபோய், 2023-ல் திரும்ப வந்த சென்னை சங்கமம் கலைத் திருவிழா பொங்கல் நேரத்தில் பூங்கா, கடற்கரை என்று மேடை போடுகிறது. டிக்கெட் கிடையாது, சபா பக்கமே போகாதவர்களும் நின்று கேட்கிறார்கள், கிராமத்துக் கலைஞர்களுக்குச் சம்பளமும் கிடைக்கிறது. ஆனால் சில நாள்தான், அப்புறம்?

மாவட்ட அரசு இசைப்பள்ளியில் 3 வருடம் உட்கார்ந்து நாதஸ்வரம், தவில், தேவாரம் என்று முறையாகப் படிக்கலாம். கூட்டமோ கைதட்டலோ இல்லை, ஆனால் இசைக் குடும்பத்தில் பிறக்காத பிள்ளைக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது, எனக்கு இதுதான் பெரிய விஷயம். ஆனாலும் படித்தவர்களுக்குக் கோயில் வேலையோ கல்யாணக் கச்சேரியோ அமையாவிட்டால் கருவி பரணுக்குப் போய்விடும். அதனால் முதல் பணம் பள்ளிக்குத்தான், சங்கம மேடையிலும் அந்த மாணவர்களுக்குக் கட்டாயம் இடம் ஒதுக்கணும்.