வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு உடற்பயிற்சி: இரண்டாம் வாரமா, ஆறாம் வாரமா?

அம்மாவுக்கு இதயத்தின் இடப்பக்கத்தில் உள்ள மைட்ரல் வால்வை மாற்றி வீட்டுக்கு அழைத்து வந்த அன்று, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "மூணு மாசத்துக்கு அசைய விடாதீங்க." டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஆறு வாரம் ஓய்வு என்றுதான் இருந்தது. அந்த ஆறு வாரத்தில் அம்மாவின் தொடை இளைத்துப்போனதைக் கண்ணால் பார்த்தேன். நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருந்தது. மூச்சு வாங்கி அல்ல, கால் தாங்காமல். உடற்பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்ற கேள்வி அப்போதிலிருந்து என்னை விடவில்லை.

ஆறு வாரம் காத்திருக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் நெஞ்செலும்பு. நடுவில் பிளந்து கம்பியால் கட்டிய எலும்பு ஒட்ட ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், நல்ல உறுதி வர மூன்று மாதம்கூட ஆகலாம். சரி, அதை மதிக்கத்தான் வேண்டும். குடம் தூக்குவது, இரண்டு கையையும் ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவது, கனமான கதவை ஒரு கையால் இழுப்பது எல்லாம் தள்ளிப்போட வேண்டியவையே. ஆனால் இவை எல்லாம் கைக்கான தடைகள். காலுக்கு இதில் ஒன்றும் இல்லை.

இதைத்தான் பிரிட்டனில் 'ஸ்கார்' என்ற ஆய்வில் சோதித்தார்கள். முடிவு 2022-இல் வெளிவந்தது. நெஞ்செலும்பைத் திறந்து ஆபரேஷன் செய்த 158 பேரில் ஒரு பாதிக்கு இரண்டாம் வாரத்தில் பயிற்சி, மறுபாதிக்கு வழக்கம்போல் ஆறாம் வாரத்தில். ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் சீக்கிரம் தொடங்கியவர்கள் பின்தங்கவில்லை, பாதிப்புகளும் கூடவில்லை. அதில் பைபாஸ் செய்தவர்களும் இருந்தார்கள், பயிற்சியும் ஆட்கள் மேற்பார்வையில் நடந்தது. இந்த இரண்டையும் மறக்கக் கூடாது.

வால்வு நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்ட டென்மார்க் ஆய்வில் 147 பேர். அங்கே ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து, 12 வாரப் பயிற்சி. நான்காம் மாதம் அளந்தபோது, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் பயன்படுத்த முடிகிறது என்ற கணக்கில், பயிற்சி செய்தவர்களுக்கு 24.8 மில்லி, மற்றவர்களுக்கு 22.5. உடல் தேறியது, ஆனால் மனநலத்தில் வித்தியாசம் தெரியவில்லை. சின்னச் சின்னத் தொந்தரவுகளும் பயிற்சி செய்தவர்களிடம் கொஞ்சம் அதிகம். எனக்கு இது பயம் தருவதைவிட, கூட ஒரு ஆள் வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

என் கட்சி இரண்டாம் வாரம்தான். ஆனால் எல்லோருக்கும் அல்ல.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு இதயத்தைச் சுற்றி நீரோ ரத்தமோ மெதுவாகச் சேர்வது பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தெரியவரும். அசாதாரணக் களைப்பு, படுத்தால் மூச்சுத்திணறல் என்று காட்டும். அதை "இன்னும் தேறவில்லை" என்று நினைத்து நடக்க வைத்தால் ஆபத்து. எனவே பயிற்சிக்கு முன் ஒரு எக்கோ (இதய ஸ்கேன்), ஒரு ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை) பார்த்துவிட வேண்டும். காய்ச்சல், காயத்தில் கசிவு, இருமும்போது நெஞ்செலும்பு 'கடக்' என்று நகர்வது, நாடி தாறுமாறாக வேகமாக ஓடுவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைத்தவர்களுக்கு எலும்பு வெட்டே இல்லை. அவர்கள் ஆறு வாரம் எண்ண வேண்டியதில்லை.

அப்புறம், பயிற்சி வீட்டிலா, இதய மறுவாழ்வு மையத்திலா? மையத்தில் இ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்க நடக்கலாம், அந்த நிம்மதிக்கு ஈடில்லை. ஆனால் ஊர்ப்பக்கத்திலிருந்து வாரம் இரண்டு முறை பஸ் ஏறி வர எத்தனை பேரால் முடியும்? முதல் சில முறை மையத்தில், பிறகு வீட்டில் என்பதே எனக்குச் சரியாகப்படுகிறது. வீட்டில் நாடியை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவர்களுக்கும் அந்த எண் ஏமாற்றும். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச்சு உடைந்தால் வேகம் அதிகம். காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் என்று தொடங்கினால் போதும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரப் பழகினால் தொடை காப்பாற்றப்படும். எங்கள் அம்மாவுக்கு அதை ஏழாவது வாரத்தில்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.