கான்ஸ்டலேஷன்ஸா, ஆன் ஓஷன் பிட்வீன் அஸ்ஸா?

மெலடியான கிறிஸ்தவ மெட்டல்கோர் (மெட்டலும் ஹார்ட்கோர் பங்க்கும் கலந்த இசை) கேட்கணும், எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் என் மனம் இரண்டு ஆல்பங்களுக்கு நடுவே போய்ப் போய் வரும். ஒன்று, சான் டியாகோவின் ஆஸ் ஐ லே டையிங் குழு 2007-ல் வெளியிட்ட ‘ஆன் ஓஷன் பிட்வீன் அஸ்’. இன்னொன்று, பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியிலிருந்து வந்த ஆகஸ்ட் பர்ன்ஸ் ரெட் குழு 2009-ல் தந்த ‘கான்ஸ்டலேஷன்ஸ்’. இரண்டிலும் 12 தடங்கள். அலறல், பிரேக்டவுன் (வேகம் குறைந்து கனமாக இடிக்கும் பகுதி), விசுவாசம் எல்லாம் இரண்டிலும் உண்டு. மெலடியை மட்டும் ஆளுக்கொரு இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

‘ஆன் ஓஷன் பிட்வீன் அஸ்’ முதல் தடவையிலேயே பிடித்துவிடும். கில்ஸ்விட்ச் எங்கேஜ் குழுவின் கிட்டாரிஸ்ட் ஆடம் டட்கீவிச் இசைக்குழுவோடு சேர்ந்து தயாரித்தது. ஒலி பளிச்சென்று இருக்கிறது. ‘ஐ நெவர் வான்டட்’, ‘ஃபர்சேக்கன்’ இரண்டையும் கேளுங்கள். பாடகர் டிம் லாம்பெஸிஸ் அலறிக்கொண்டே வருவார். பல்லவி வந்ததும் பாஸ் கிட்டார் வாசிக்கும் ஜோஷ் கில்பர்ட் தெளிந்த குரலில் பாட ஆரம்பிப்பார். இறுக்கிப் பிடித்த கை சட்டென்று தளர்வதுபோல் இருக்கும். ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்ட் 200 ஆல்பம் பட்டியலில் 8-ம் இடம் வரை போனது. ‘நத்திங் லெஃப்ட்’ பாடல் கிராமி பரிந்துரையும் பெற்றது. ‘வித்தின் டிஸ்ட்ரக்‌ஷன்’ போன்றவை திராஷ் மெட்டல் வேகத்தில் பறக்கும். எனக்கு அவை கொஞ்சம் சலிப்புதான்.

கான்ஸ்டலேஷன்ஸில் அந்தத் தெளிந்த குரல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பாடகர் ஜேக் லூர்ஸ் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தொண்டை கிழியக் கத்துகிறார். அப்புறம் இதை எப்படி மெலடி என்பது? நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். ஒரு பாடலுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. பாதியில் நிறுத்தியும் விட்டேன். சில வாரம் கழித்து, பாத்திரம் கழுவும்போது வாய் ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எங்கே கேட்டது என்று யோசித்துப் பார்த்தால், ‘மரியானாஸ் டிரெஞ்ச்’ பாடலின் கிட்டார். ஜே.பி. புரூபேக்கரும் பிரென்ட் ராம்ப்லரும் பாடகர் பாட வேண்டியதைக் கம்பிகளில் பாடியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டபோது ஆல்பம் முழுதும் திறந்துகொண்டது. மாட் கிரைனரின் டிரம்ஸ் சும்மா தாளம் போடுவதில்லை. கிட்டார் ஒரு கேள்வியை வைத்தால் அதற்குப் பதில் சொல்கிறது. ‘மெரிடியன்’ நிதானமாகத் தொடங்கி மெல்ல மெல்லப் பெருகும் பாடல். வேகம் குறைந்தால் இவர்கள் இன்னும் கனக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். இரவில் விளக்கணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்க வேண்டிய பாடல் அது.

அந்தத் தெளிந்த குரல் ஒரே ஒரு இடத்தில் வரும்: ‘இந்தோனேஷியா’வில், பிட்வீன் த பரீட் அண்ட் மீ குழுவின் டாமி ராஜர்ஸ் விருந்தினராகப் பாடுகிறார். அவ்வளவு நேரம் பூட்டி வைத்திருந்ததால் அந்தச் சில நொடிகள் நெஞ்சைத் தொடுகின்றன. மற்ற ஆல்பத்தில் பல பாட்டுகளில் கிடைப்பது இங்கே ஒரு தடவைதான்.

விசுவாசத்தின் பக்கம் வந்தால் என் தராசு கான்ஸ்டலேஷன்ஸ் பக்கம் இன்னும் சாய்கிறது. ‘வைட் வாஷ்ட்’ (வெள்ளையடிக்கப்பட்ட) என்ற அதன் பாடல் தலைப்பைப் பார்த்ததுமே மத்தேயு 23-ல் வரும் வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகள்தான் என் நினைவுக்கு வந்தன. கோபத்தை வெளியாள்மேல் காட்டாமல், பக்தி வேஷத்தின்மேல் காட்டும் வசனம் அது. அந்த நினைவோடு கேட்கும்போது அலறலுக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது.

ஆஸ் ஐ லே டையிங் விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பிரிந்து வாழ்ந்த மனைவியைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்ய முயன்றதாக லாம்பெஸிஸ் 2013-ல் கைதானார்; குற்றத்தை ஒப்புக்கொண்டு 2014-ல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2007-ல் பதிவான பாடல்களில் ஒரு சுரமும் இதனால் மாறவில்லை. ஆனாலும் ‘திஸ் இஸ் ஹூ வீ ஆர்’ வரும்போது என்னால் பழையபடி கூடச் சேர்ந்து பாட முடியவில்லை. சிலர் பாட்டையும் ஆளையும் பிரித்துவைத்துக் கேட்பார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

அண்டர்ஓத் என்ற இன்னொரு குழுவின் ‘டிஃபைன் த கிரேட் லைன்’ (2006) எங்கே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பில்போர்டில் 2-ம் இடத்தில் அறிமுகமான அருமையான ஆல்பம்தான். ஆனால் அதன் பலம் மெலடியைவிடச் சூழலை உருவாக்குவதில் இருக்கிறது. அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, எதை எடுப்பது? அலறல் உங்களுக்குப் புதிது என்றால் ‘ஐ நெவர் வான்டட்’டில் தொடங்குங்கள், அந்தப் பல்லவி கைபிடித்து உள்ளே கூட்டிப்போகும். ஒரு வாரம் போகட்டும். பிறகு ‘மெரிடியன்’ போடுங்கள். பாடகரை விட்டுவிட்டு இடது காதிலும் வலது காதிலும் கிட்டார்கள் என்ன பேசிக்கொள்கின்றன என்று மட்டும் கேளுங்கள். எனக்கு ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், கான்ஸ்டலேஷன்ஸ்தான்.